சாதிக்கு மரபணு இல்லை, அகமணத்துக்குத் தடயம் உண்டு

மரபணு ஆய்வு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இரண்டு குரல்கள் உடனே எழுகின்றன. "பார்த்தீர்களா, சாதி ரத்தத்திலேயே இருக்கிறது என்று அறிவியலே சொல்லிவிட்டது" என்பது ஒன்று. சாதிச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இது பரம்பரைப் பெருமையாக வலம் வருகிறது. இன்னொன்று நம் பக்கத்துக் குரல். "சாதிக்கும் மரபணுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, எல்லாம் புரட்டு" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. முதலாவது பொய். இரண்டாவது நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும் பாதி உண்மைதான். மீதிப் பாதியில்தான் சாதிக்கு எதிரான வலுவான சான்று கிடக்கிறது. அதை எதிராளிக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

மனிதர்கள் எல்லோருடைய மரபணுத் தொகுதியும் ஏறத்தாழ ஒன்றே. அங்கங்கே ஓர் எழுத்து மாறியிருக்கும், சில எழுத்துகள் விடுபட்டிருக்கும். இவையே திரிபுகள். பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. சில மட்டும் ஒரு நோய் வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் அல்லது குறைக்கும். ஒரு மக்கள் கூட்டத்தில் பரவலாக இருக்கும் திரிபு இன்னொன்றில் அரிதாக இருக்கலாம். ஏன் என்று கேட்டால் விடை உயிரியலில் மட்டும் இல்லை. யார் எங்கே போனார்கள், யாரோடு கலந்தார்கள், யாரை மணக்க விடாமல் தடுக்கப்பட்டார்கள் என்ற வரலாற்றில் இருக்கிறது.

இரண்டு திரிபுகளைப் பார்ப்போம். இதயத் தசைக்கான ஒரு புரதத்தின் மரபணுவில் (எம்.ஒய்.பி.பி.சி.3 என்று அதற்குப் பெயர்) 25 எழுத்துகள் விடுபட்ட திரிபு ஒன்று உண்டு. தண்டபாணி, தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இது இருக்கிறது, இதயத் தசை நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்றது அந்த ஆய்வு. நாம் கவனிக்க வேண்டியது வேறு. இந்தத் திரிபு எந்தச் சாதிக்கும் சொந்தமல்ல. பல மொழி பேசுவோரிடமும், பல சாதியாரிடமும், பாகிஸ்தானிலும் இலங்கையிலும் இருக்கிறது. சாதி என்ற ஒன்று தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்ட திரிபு இது. அன்று நடமாட்டத்துக்கு வேலி இல்லை, அதனால் எங்கும் பரவியது.

இதில் ஒரு பின்கதையும் உண்டு. 'இந்தியர்களின் இதயக் கோளாறு மரபணு' என்று ஊடகங்கள் எழுதித் தள்ளிய இந்தத் திரிபை, 2020இல் வேறொரு குழு மறுபரிசீலனை செய்தது. இதைக் கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை, அவர்களில் சிறு பகுதியினரிடம் இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு அரிய திரிபே அபாயத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. தலைப்புச் செய்தியாக வரும் மரபணுவை நம்பி ஒரு மக்கள் கூட்டத்துக்கே முத்திரை குத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இரண்டாவது திரிபின் கதை வேறு. அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற மருந்தைத் தருவார்கள். சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கோ மணிக்கணக்கில் தசைகள் இயங்காது, செயற்கைச் சுவாசம் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இந்தக் குறைபாடு வைசியர் சமூகத்தில் மற்றவர்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம். அந்த மக்கள் செய்த தவறு இதில் எதுவுமில்லை. மிகச் சிறிய எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து பெருகி, தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்துகொண்ட கூட்டத்தில் இப்படித்தான் நடக்கும். அது அவர்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, 81 குழுக்களில் இந்தச் சுருக்கம் பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் உள்ளதைவிடக் கடுமையாக இருப்பதாகக் கண்டது. அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டவை. அதாவது கூட்டம் பெரிது, கதவு மட்டும் சாத்தியே இருந்திருக்கிறது.

கதவு எப்போது சாத்தப்பட்டது? 2013இல் பிரியா மூர்ஜானி குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியத் துணைக்கண்டத்தில் வடக்கு, தெற்கு மூதாதையர் பெருமளவில் கலந்திருக்கிறார்கள். அதன் பிறகு கலப்பு நின்று அகமணம் இறுகுகிறது. விகிதம் குழுவுக்குக் குழு மாறினாலும், தூய்மையானது என்று சொல்லிக்கொள்ள ஒரு சாதிகூட மிஞ்சவில்லை. சாதியின் சாரம் அகமணமே என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை படித்தபோது டி.என்.ஏ.வின் வடிவமே யாருக்கும் தெரியாது. சாதி என்பது இனப் பிரிவு அல்ல, ஒரே இனத்து மக்களைச் சமூகம் கூறுபோட்டது என்று 1936இல் அவர் சொன்னார். ரத்தத்தில் வேறுபாடு இருந்ததால் சாதி வரவில்லை. சாதி போட்ட மணத்தடைதான் ரத்தத்தில் தடயம் விட்டது. காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்கினால்தான் சாதிப் பெருமைக்கு வேலை.

அடுத்தது சர்க்கரை நோய். "நம்ம ஆளுங்க உடம்புவாகே அப்படி" என்பது மருத்துவமனைகளில்கூட அடிக்கடி கேட்கும் பேச்சு. இந்த நோய்க்குத் தொடர்புடைய பொதுவான திரிபுகளில் வலுவான ஒன்று, டி.சி.எஃப்.7.எல்.2 மரபணுவில் இருப்பது. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள், அடுத்த ஆண்டே புனேயிலும் உறுதியானது. இப்படி நூற்றுக்கணக்கான திரிபுகள் உண்டு, ஒவ்வொன்றும் கூட்டுவது கொஞ்சம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வோ, நகரத்தில் 16.4 விழுக்காடும் கிராமத்தில் 8.9 விழுக்காடும் என்று கணக்குச் சொல்கிறது. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பேருந்து ஏறுகிறவரின் மரபணு வழியில் மாறிவிடுவதில்லை. மாறுவது உணவு, உழைப்பு, தூக்கம், வேலை நேரம். "உன் ஜீன் அப்படி" என்ற பேச்சில் இவையெல்லாம் வசதியாகக் காணாமல் போகின்றன, கூடவே முதலாளியும்.

இப்போது இந்தத் திரிபுகளையெல்லாம் கூட்டி, ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பை மதிப்பெண்ணாகத் தரும் சோதனைகள் வந்துவிட்டன. அவற்றுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 79 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2019இல் கணக்கிட்டார்கள். விளைவாக, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மதிப்பெண்ணின் துல்லியம் நான்கு மடங்குக்கும் மேல் குறைகிறது. நம்மிடமும் குறைகிறது. அளவுகோல் ஒருவரின் உடலில் செய்தது, அளப்பது இன்னொருவரை.

நம் தோழர்கள் சிலர் இதையெல்லாம் படித்துவிட்டு, "பாருங்கள், சாதி மறுப்புத் திருமணம் செய்தால் ஆரோக்கியமான குழந்தை பிறக்கும்" என்று மீம் போடுகிறார்கள். இந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. இருபக்கமும் ஒரே திரிபு வந்து சேர்ந்தால் உண்டாகும் நோய்கள் கலப்பால் குறையும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல சந்ததிக்காக மணம் செய் என்பது இனமேம்பாட்டுவாதத்தின் மொழி, நம்முடையது அல்ல. தவிர, இந்த வாதத்தைச் சாதி எளிதாகச் செரித்துவிடும். வைதீக யூதர்கள் 1980களிலேயே மணத்துக்கு முன் மரபணுச் சோதனை செய்து டே-சாக்ஸ் நோயைப் பெருமளவு குறைத்தார்கள், சமூகத்துக்குள்ளேயே மணப்பதை விடவில்லை. நாளை இங்கே திருமணத் தகவல் மையங்களில் ஜாதகக் கட்டத்துக்குப் பக்கத்தில் மரபணு அறிக்கையும் வரும், "அதே பிரிவில்" என்ற வரி அப்படியே இருக்கும். இளவரசன் உயிரிழந்த, கோகுல்ராஜும் சங்கரும் கொல்லப்பட்ட மண்ணில் நாம் கேட்பது, விரும்பியவரை மணக்கும் உரிமை.

ஆய்வே வேண்டாம் என்பதும் தீர்வல்ல. ஒதுக்கப்பட்ட மக்கள் தரவில் இல்லையென்றால் அவர்களுக்கான மருந்தும் இல்லை. 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் 80க்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத் தொகுதிகள் வாசிக்கப்பட்டு, 2025 சனவரியில் தரவு ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டிருக்கிறது. நல்லது. ஆனால் ரத்தம் கொடுப்பதற்கும் பலன் பெறுவதற்கும் இடையில் எவ்வளவு தொலைவு என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஒரு மரபணுத் திரிபு டல்லாஸ் ஆய்வில் கறுப்பின மக்களிடம்தான் தெளிவாகப் பிடிபட்டது. அந்த மரபணுவைக் குறிவைத்த மருந்துகள் 2015இல் அங்கே சந்தைக்கு வந்தபோது விலை ஆண்டுக்கு 14,000 டாலருக்கும் மேல்.

நமக்கு நீலகிரியே போதும். அங்குள்ள பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் திரிபு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் எழுதினார்கள். மலேரியாவிலிருந்து காக்கும் அந்தத் திரிபு, இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் உயிரை வாங்கும் சோகையாகிறது. இந்திய அரசு அதற்கென்று ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது 2023 சூலையில். திரிபைக் கண்டுபிடிக்கச் சில துளி ரத்தம் போதுமாயிருந்தது. ரத்தம் கொடுத்தவர்களை நாடு நினைக்க 71 ஆண்டுகள் ஆயின.