தொலைவை மறைக்கும் அழைப்பு

சென்ற மாதம் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் இணையக் கடையொன்றில் ஒரு நாவல் வாங்க முற்பட்டார். பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும் திரையில் சக்கரம் சுழலத் தொடங்கியது. சுழன்றுகொண்டே இருந்தது. தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தார், அப்போதும் சுழன்றது. பொறுமையிழந்து பக்கத்தை மூடிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாங்கினார். நான்கு நாட்களில் ஒரே நாவலின் இரண்டு பிரதிகள் வீடு வந்து சேர்ந்தன. வங்கிக் கணக்கிலும் இரண்டு பற்றுகள்.

இலக்கியம் பேசுமிடத்தில் இந்தப் புலம்பல் எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எங்களுள் நிரல் எழுதிப் பிழைப்பவர் ஒருவர் இருக்கிறார். "முதல் அழைப்பு தோற்கவில்லை, பதில்தான் வரவில்லை" என்று அவர் சொன்ன ஒற்றை வாக்கியத்திலிருந்து கிளம்பிய விவாதம் எங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது. உருவகம் ஒன்று எங்கே பொய்யாகிறது என்பதுதான் அந்த விவாதத்தின் சாரம். ஆகவே நாங்கள் பேசத் தகுந்த விஷயமே.

ஒரு நிரலுக்குள் ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைக்கும். வேலையை முடித்து விடையோடு அது திரும்பும். எல்லாம் ஒரே கணினிக்குள் நடப்பது. அழைக்கப்படும் பகுதி வேறொரு கணினியில், வேறோர் ஊரில் இருந்தால்? அப்போதும் பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட வைத்தால் நிரலாளருக்குச் சுமை குறையுமே என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் தொலையழைப்பு. ஆங்கில முதலெழுத்துகளால் ஆர்பிசி என்பார்கள். இதற்கு அடித்தளமிட்ட கட்டுரை 1984 பிப்ரவரியில் வெளிவந்தது. எழுதியவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன். அழைப்பவரின் பக்கத்தில் 'ஸ்டப்' என்றொரு சிறு நிரல் நிற்கும். அழைக்கப்படவேண்டியவரின் பெயரையே அது தாங்கியிருக்கும். கேட்டதை மூட்டைகட்டிக் கம்பியில் அனுப்பிவிட்டு, விடை வந்ததும் தானே செய்து முடித்ததுபோல் நீட்டும். எங்கள் நண்பர் இதை 'பினாமி' என்றார். இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எங்களுக்கு அகப்படவில்லை.

அந்தக் கட்டுரையை மெனக்கெட்டு வாசித்தோம். அதன் நேர்மை எங்களைக் கவர்ந்தது. அழைப்பு விடையோடு திரும்பினால் வேலை சரியாக ஒருமுறை நடந்திருக்கிறது என்று அதன் ஆசிரியர்கள் உறுதி தருகிறார்கள். பிழையோடு திரும்பினால்? ஒருமுறை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். எது என்று அழைத்தவருக்குத் தெரியாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. மறுமுனைக் கணினி உயிரோடு இருக்கும்வரை விடைக்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம், கெடு கிடையாது. ஒரே கணினிக்குள் நிகழும் அழைப்புக்குக் கெடு இல்லை, ஆகவே இதற்கும் வேண்டாம் என்பது காரணம். உருவகத்தைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது. ஓர் ஆய்வகத்துக்குள் நொடிக்கு மூன்று மெகாபிட் வேகத்தில் பிணைக்கப்பட்ட சில கணினிகளுக்கு அது பொருந்தியிருக்கும்.

பத்தாண்டுகள் கழித்து, 1994இல், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வகத்திலிருந்து ஜிம் வால்டோவும் உடன் மூவரும் ஒரு மறுப்பு எழுதினார்கள். அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒன்றே என்று நிரலாளரை நம்பவைப்பது தவறு என்பது அவர்கள் வாதம். தாமதத்தைக்கூட ஒருவாறு சமாளித்துவிடலாம். பாதி மட்டும் சாகும் அமைப்பை எப்படிச் சமாளிப்பது? ஒரு கணினி செத்தால் முழுதாகச் சாகும். அழைத்தவரும் அதோடு போய்விடுவார். இரண்டு இருந்தால் ஒன்று செத்து மற்றொன்று விழித்துக்கொண்டிருக்கும். செத்ததா, உறங்குகிறதா, வழியில் கம்பி அறுந்ததா என்று விழித்திருப்பதற்குத் தெரியாது. தூது போனவன் திரும்பாவிட்டால் ஓலை சேர்ந்ததா இல்லையா என்று அனுப்பியவருக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவும் அறியப்பட்ட பிறகு எழுதப்பட்ட திறமூல நிரலகங்களுள் இன்று பெரிதும் புழங்குவது கூகுள் 2015இல் வெளியிட்ட ஜிஆர்பிசி. அந்நிறுவனத்துக்குள் 'ஸ்டப்பி' என்ற பெயரில் பல்லாண்டுகள் ஓடிய ஒன்றின் வாரிசு இது. 2017 முதல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் என்னும் பொது அமைப்பின்கீழ் இருக்கிறது. பெயரின் முதலெழுத்துக்கு ஒவ்வொரு பதிப்பிலும் வேறு பொருள் சொல்லி விளையாடுகிறார்கள். ஒரு பதிப்பில் 'குட்', அடுத்ததில் 'கிரீன்', அதற்கடுத்ததில் 'ஜென்டில்'. வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்ட நிரல்களை ஒன்றோடொன்று பேசவைப்பதில் இதன் திறமையை எங்கள் நண்பர் வாயாரப் புகழ்கிறார். நாங்களும் மறுக்கவில்லை. குறிப்பாகக் கெடுவை இது கையாளும் விதம் அழகானது. 'இத்தனை மணிக்குள்' என்று நீங்கள் சொன்னால், இரு கணினிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போகும் என்று நம்பாமல், 'இன்னும் இத்தனை நொடி' என்று மாற்றி மறுமுனைக்கு அனுப்புகிறது. கெடு கடந்தும் விடை வராவிட்டால் அதற்கென ஒரு பிழைக்குறி உண்டு. வேலை வெற்றிகரமாக முடிந்திருந்தாலும் இக்குறி வரக்கூடும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆயினும் நீங்களாகக் கெடு எழுதாவிட்டால் கெடு இல்லை! ஏறத்தாழ என்றென்றும் காத்திருக்க நேரலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. 1984இன் முடிவு சிதையாமல் இருக்கிறது. எங்கள் மனக்குறை இதுதான்.

இதற்கு நண்பர் சொன்ன சமாதானம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எல்லோருக்கும் பொருந்தும் எண் என்று ஒன்று கிடையாது. பெயர் தேடுவதற்கு ஒரு நொடி போதும். பெரிய கோப்பை அனுப்பப் பத்து நிமிடமும் போதாது. நிரலகம் எழுதுபவர் ஓர் எண்ணைத் தாமாக வைத்தால் பாதிப் பேருக்கு அது கேடாக முடியும். ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் எண் எழுதாத அழைப்பை ஏற்கவே மறுத்துவிடட்டுமே! எந்த எண் என்பதை நிரலாளர் முடிவுசெய்யட்டும். முடிவுசெய்யாமல் நகர மட்டும் விடவேண்டாம். முகவரி எழுதாத கடிதம் போய்ச்சேராதென்று எழுதுகிறவருக்குத் தெரியும், ஆகவே எழுதிவிடுகிறார்.

"கெடு வைத்தால்தானே நடந்ததா இல்லையா என்ற ஐயமே எழுகிறது? காத்திருந்தால் விடை வந்துவிடுமே" என்றார் இன்னொருவர். இங்கேதான் நாவல் வாங்கியவரின் கதை உதவியது. அந்தக் கடை எந்த நிரலகத்தைப் பயன்படுத்துகிறது என்பது பொருட்டன்று; நோய் பொதுவானது. கெடு எழுதப்படாத இடத்தில் மனிதரின் பொறுமையே கெடுவாகிவிடுகிறது. ஒரு கோப்பைத் தேநீர் அளவு அது. அவர் மறுபடி பொத்தானை அழுத்தும்போது இது அதே கோரிக்கைதான் என்று மறுமுனைக்குத் தெரிய வழியில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பி, அதே எண் இரண்டாம் முறை வந்தால் பழைய விடையையே திருப்பிக் கொடுப்பது இதற்குத் தெரிந்த மருந்து. புதிதொன்றும் அல்ல. ஆனால் அந்த மருந்து யாருக்கு நினைவுக்கு வரும்? கெடு என்ற இடத்தில் ஓர் எண்ணை எழுதும்போது, 'இது கடந்தால் என்ன செய்வேன்' என்று ஒரு கணம் தயங்குபவருக்கு வரும். அழைத்தால் விடை வரும், பக்கத்து அறைதானே என்று எழுதிக்கொண்டு போகிறவருக்கு வராது. புத்தகம் போனால் ஒரு நாவலின் விலை. இதே வடிவிலான அழைப்புகள்தாம் மாதாந்திரக் கடன் தவணையையும் கழிக்கின்றன.

திறமூலம் என்பதால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது உண்மை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணற்ற நிரல்கள் ஒரே நாளில் முறியும் என்பதால் யாரும் கைவைக்கத் தயங்குவதும் உண்மை. நண்பர் தம் அலுவலகத்துக்குள் மட்டும் ஒரு சிறு சோதனை எழுதிவைத்திருக்கிறார்: கெடு இல்லாத அழைப்பு இருந்தால் நிரலைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பிவிடும். முதல் வாரம் சக ஊழியர்கள் முணுமுணுத்தார்களாம். ஒருவர் கோபத்தில் 24 மணிநேரம் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். எழுத்தில் இருந்ததால் அது கண்ணில் பட்டது. ஏன் 24 என்று கேட்டு ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார்கள். இப்போது அந்த இடத்தில் எட்டு நொடி என்று இருக்கிறது.