உசிதம்போல் உதவி

வீடு எரிந்தவனுக்கும், சம்பாதித்தவனைச் சாகக் கொடுத்தவளுக்கும், பிரேதத்தை எடுக்கப் பணமில்லாதவனுக்கும் சர்க்கார் கொடுக்கும் அவசர உதவியைச் சட்டத்துக்குள் கட்டக் கூடாதென்றும், அதிகாரி தமக்கு உசிதமென்று தோன்றியபடி கொடுப்பதே கருணையென்றும் வாதிப்போர் நம்மிடையே உளர். ஆபத்து ஆளுக்கொரு விதமாய் வருமாதலால் முன்கூட்டி அட்டவணை போட முடியாதென்கின்றனர். உண்மையே. ஆனால் அதிகாரி யோசித்துக் கொடுக்கலாம் என்பது வேறு; ஏன் மறுத்தார் என்று எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவது புரட்டென்றே கூறுவோம்.

தோட்டத்து ஆபீசில் பிறருக்காக மனு எழுதும் நாம் இதை நன்கறிவோம். கிராணி எழுதிக் கொடுத்தால் அது ஒரு மனு. கைநாட்டுக்காரி தானே போய் நின்றால் அது வேறு மனு. துயரம் ஒன்றே, பலன் ஒன்றன்று. (அழத் தெரிந்தவளுக்குக் கிடைக்கும் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள்.)

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். விதிகளின்படி கேட்டுப் பெறக்கூடியதாயிருந்த அவசியத் தொகைகள் ஒழிந்து, 1988இல் 'சமூக நிதி' வந்தது. அதில் பெரும்பகுதி அதிகாரியின் உசிதத்துக்குட்பட்ட உதவியும் கடனுமாயிற்று. பணத்துக்கும் வரம்பு கட்டப்பட்டது. தரையில் படுப்பவனுக்குக் கட்டில் வேண்டுமா என்பதோடு, பெட்டியில் பணம் மிச்சமுண்டா என்பதும் கேள்வியாயிற்று! எனினும் மறுத்ததை மறுபடி பார்க்கத் தனி இன்ஸ்பெக்டர்கள் இருந்தனர். 2013இல் அந்த உதவித் தொகையும் அவசரக் கடனும் எடுபட்டன, இன்ஸ்பெக்டர்களும் போயினர். இங்கிலாந்தில் பொறுப்பு உள்ளூர்ச் சபைகளிடம் விடப்பட்டது. இதற்கென்றே செலவிட வேண்டுமென்ற கட்டாயம் அப்போது இருக்கவில்லை. சில சபைகள் கதவையே சாத்திவிட்டன.

ஸ்காட்லாந்தோ 2015இல் சட்டம் செய்தது. அங்கே அவசர மனுவுக்கு அடுத்த வேலைநாள் முடிவதற்குள் தீர்ப்பு. சபையின் மறு ஆய்விலும் நியாயம் கிட்டாவிடில், 2016 முதல் சபைக்குப் புறம்பான குறைகேள் அதிகாரி அதைப் பார்த்து மாற்றலாம். அங்கும் யோசித்துத்தான் கொடுக்கின்றனர், கருணை செத்துவிடவில்லை.

நம் நாட்டுச் சமூகநல இலாகா 1946இல் ஏற்பட்டது. அதனிடம் நாம் கேட்பது அதிகப் பணம் மாத்திரமன்று. மனு வாங்கியதற்கு ஒரு சீட்டு. இத்தனை நாளில் பதிலென்று ஒரு கெடு. மறுத்தால் காரணம் எழுத்தில், அதுவும் மனுதாரருக்குத் தெரிந்த பாஷையில். அந்தக் காரணம் சரியா என்று வேறொருவர் பார்ப்பதற்கு ஒரு வழி. பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டிருப்பவளுக்கு, மூன்று வாரம் கழித்து 'பரிசீலனையிலிருக்கிறது' என்று வரும் கடிதம் எதற்காகும்? நாம் கேட்ட இந்நான்கில் எதைக் கொடுத்தால் பொக்கிஷம் காலியாகிவிடும் என்பதைக் கருணை பேசுவோர் சொல்லட்டும்.