எதுக்கும் ஒரு ஸ்கேன்

இரண்டடி உயரக் கட்டிலிலிருந்து என் எட்டு மாத மகள் உருண்டு விழுந்தாள். நெற்றியில் புடைப்பு. வீறிட்டு அழுதாள், கொஞ்ச நேரத்தில் பால் குடித்தாள், என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எதுக்கும் தலைக்கு ஒரு சிடி எடுத்துடலாம்" என்றார். "ரேடியேஷன் ஒண்ணும் பண்ணாதா டாக்டர்?" என்றேன். "வாட்ஸப்ல படிச்சீங்களாம்மா?" என்று சிரித்தார். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட் நார்மல்.

என் கோபம் அந்தச் சிரிப்பின் மேல்தான். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 2012-இல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வின் கணக்கு இது: பத்து வயதுக்குள் தலைக்கு சிடி எடுத்த 10,000 குழந்தைகளில், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம். சின்ன ஆபத்து. மூளைக்குள் ரத்தக்கசிவு என்று சந்தேகம் வந்தால் இதைப் பார்த்துத் தயங்குவது மடத்தனம். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதாதா?

ஆனால் தேவையே இல்லாத ஸ்கேனுக்கு அந்தச் சின்ன ஆபத்தும் அதிகம். 2009-இல், அதே இதழில், அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்த ஆய்வு வந்தது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆறு அறிகுறிகளைச் சொன்னது. ஆறில் ஒன்றுகூட இல்லையென்றால் ஆபத்தான மூளைக்காயத்துக்கான வாய்ப்பு 5,000-இல் ஒன்றுக்கும் குறைவு. நெற்றிப் புடைப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இருக்கும் ஒன்று என்ன தெரியுமா? 'குழந்தை வழக்கம்போல் இல்லை' என்று பெற்றோர் சொல்வது.

அதாவது, அம்மா சொல்வதும் மருத்துவச் சான்றுதான். அன்று என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நானாகக் கேட்டதற்கும் சிரிப்புதான் கிடைத்தது.

பழி டாக்டர்கள் மேல் மட்டுமில்லை. "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர்" என்று அடம்பிடிப்பதும் நாம்தான். சில நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமமான நெஞ்சு எக்ஸ்ரேக்கு அலறுவதும் நாம்தான். கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்டையும் எம்ஆர்ஐயையும் அதே பயத்தில் சேர்ப்பதும் நாம்தான்.

அதனால் பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பயத்தைக் கேள்வியாக்குங்கள். இந்த ஸ்கேன் எதைத் தேடுகிறது? சில மணி நேரம் கண்காணித்துப் பார்க்கலாமா? மெஷினில் குழந்தைக்கான அளவு வைத்திருக்கிறீர்களா? எதிரில் இருப்பவர் சிரித்தால், சிரித்து முடிக்கட்டும். பிறகு இன்னொரு தடவை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த இரண்டாவது தடவையைத்தான்.