ஏர்வாடியில் எரிந்தவர்கள் அநாதைகளா?



ஆகஸ்ட் 6 என்ன நாள்? பருத்திப்பட்டில் இஷா தொழுகை முடிந்து வெளியே வந்த நாலைந்து இளைஞர்களிடம் இதைக் கேட்டேன். "ஹிரோஷிமா நாள்" என்றான் ஒரு தம்பி. பிளஸ் டூ படிக்கிறவன். சரியான பதில்தான். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் நேர்ச்சைக்காகப் போய் வருகிறார்களே, அந்த ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு இதே ஆகஸ்ட் 6ல் என்ன நடந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. சொல்லிக்கொடுக்காத குற்றம் நம்முடையது!

அன்று அதிகாலை, ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட மனநோயாளிகள். ஓடித் தப்பியிருக்கலாமே என்கிறீர்களா? அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள்! சங்கிலி தளர்வாக இருந்த சிலர் மட்டும் பிழைத்தார்கள். 28 பேர் மாண்டார்கள். இன்னார் என்று அடையாளம் சொல்ல முடியாதபடி உடல்கள் கருகிக் கிடந்தன. தர்காவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். அந்தக் கரிக்கட்டைகளில் யார் அப்துல்லாஹ், யார் ஆறுமுகம், யார் அந்தோணி என்று எதை வைத்துச் சொல்வது?

அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது? மனநலக் காப்பகம் நடத்த உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. அதை மீறிய கொட்டகைகள் ஒளிந்துகொண்டா இருந்தன? 28 உயிர் போன பிறகு, ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13ஆம் தேதி அப்படிப்பட்ட காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். ஏழு நாளில் முடிந்த காரியம் ஏழு நாள் முன்னால் ஏன் முடியவில்லை? உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரணைக் கமிஷன் வந்தது. 2007ல் காப்பக உரிமையாளர் உட்பட நால்வருக்கு ஏழாண்டு சிறை விதிக்கப்பட்டது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது எந்த வகையிலும் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் திட்டவட்டமாகச் சொல்கிறது. எல்லாம் சரி. செத்தவர்கள் யார்?

நம் சமுதாயம் இந்தக் கேள்வியைக் கேட்டதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! ஒரு சாரார், "தர்காவுக்கும் அந்தக் காப்பகத்துக்கும் சம்பந்தமில்லை" என்று கை கழுவினோம். மறு சாரார், "இதற்குத்தான் தர்கா கூடாது என்றோம்" என்று மேடை போட்டோம். கூடுமா கூடாதா என்ற நம் பழைய வழக்குக்கு அந்த 28 பேரும் சாட்சிகளாகிப் போனார்கள். ஜனாஸாவாக நம் கண்ணில் படவில்லை.

யூதர்களும் இத்தாலியர்களும் செய்ததைக் கொஞ்சம் பாருங்கள். 1911 மார்ச் 25ல் நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த இளம்பெண்கள். முதலாளிகள் இருவரும் கோர்ட்டில் விடுதலையாகிவிட்டார்கள், அது வேறு கதை. ஆறு பேரை மட்டும் யாரென்று தெரியாமலே புதைத்தார்கள். நூறு வருடம் கழித்து, 2011ல், மைக்கேல் ஹிர்ஷ் என்ற ஆய்வாளர் அந்த ஆறு பெயர்களையும் கண்டுபிடித்தார். எப்படி? அந்தக் காலத்துச் செய்தித்தாள்களை, யூதர்களும் இத்தாலியர்களும் தங்கள் பாஷையில் நடத்திய பத்திரிகைகள் உட்பட, பக்கம் பக்கமாகத் துருவினார். "என் மகளைக் காணவில்லை" என்று ஏழைக் குடும்பங்கள் கதறியதை அந்தச் சமுதாயப் பத்திரிகைகள் அச்சிட்டு வைத்திருந்தன. 2023ல் அதே கட்டடத்தில் எல்லோருடைய பெயரும் உலோகத்தில் ஏறிவிட்டது.

ஏர்வாடிக்காக நாளை ஒருவர் நம் பழைய இதழ்களைப் புரட்டினால் என்ன கிடைக்கும்? ஒருவரையொருவர் வைதது கிடைக்கும்!

பெயரைக் காப்பாற்றத் தெரியாதவர்களா நாம்? 1997 ஏப்ரல் 15ல் மினாவில் கூடாரங்கள் எரிந்து 343 ஹாஜிகள் இறந்தார்கள். நம் நாட்டவர் பலர். ஹஜ் கமிட்டி மூலம் போகிற ஹாஜியின் மணிக்கட்டைப் பாருங்கள், அடையாளம் பொறித்த உலோக வளையம் இருக்கும். கூட்டத்தில் தொலைந்தாலும், மௌத்தாகிப் போனாலும் ஊர் பேர் தெரிய வேண்டும் என்பதற்காக. ஹாஜிக்கு வளையம் போட்ட அதே உலகம் பைத்தியத்துக்குச் சங்கிலி போட்டது. அதில் பெயர் இல்லை. நெருப்பு வந்து அவர்களைப் பெயரற்றவர்கள் ஆக்கியதாக நான் நினைக்கவில்லை. கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத குடும்பம் அதை முன்பே செய்துவிட்டது.

இளைஞர்களே! தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். இறந்த 28 பேரில் அரசுப் பதிவேட்டில் பெயருள்ளவர்கள் யார், பெயரில்லாதவர்கள் எத்தனை பேர், அடக்கம் எங்கே என்று இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வருகிற பதிலை இதே இதழுக்கு அனுப்புங்கள். மதம் பார்க்காமல் எல்லாப் பெயரையும் போடுவோம். அடுத்த ஆகஸ்ட் 6ல் ஜமாஅத்தில் எழுந்து நின்று படியுங்கள்.

வியாபாரப் பெருமக்களே, உங்களுக்கும் ஒன்று. ஆவடி சாலையில் இரவு பத்தரைக்கு மேல் நடந்து வாருங்கள். ஷட்டர் இறங்கியிருக்கும், வெளியே பூட்டு தொங்கும், உள்ளே கடைப் பையன் படுத்திருப்பான். திருட்டுப் பயம், நியாயம்தான். கடன் நோட்டில் வாடிக்கையாளரின் தகப்பனார் பெயர், தெரு, போன் நம்பர் வரை எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பையனைக் கேட்டால்? "பீகார் பையன் பாய், ராஜுன்னு கூப்பிடுவோம்." பீகாரில் எந்த ஊர்? ராஜு அவன் பெயர்தானா?

இன்றிரவு பூட்டை உள்பக்கம் மாட்டி, சாவியை அவனிடம் கொடுங்கள். அவன் முழுப் பெயரையும், ஊரையும், தாய் தகப்பன் பெயரையும் கேட்டு அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.