செல்லாக் காசுக்கு வந்த யோகம்

ஒரு மனிதரைச் 'செல்லாக் காசு' என்று சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய வசவு வேண்டியதில்லை. 'ஓட்டைக் காலணா பெறாது' என்று நம் பாட்டிமார்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! அந்தச் செல்லாக் காசும் ஓட்டைக் காலணாவும்தான் இன்று சில வீடுகளில் கணவன் மனைவிக்குள் பெரிய விவாதத்தைக் கிளப்பிக்கொண்டிருக்கின்றன. பழைய நாணயங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெரியவர்கள், வயது எழுபதைத் தொட்டதும், "இவற்றை விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?" என்று யோசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். யோசிக்காத பெரியவர்களுக்காக அவர்களுடைய மனைவிமார்கள் யோசிக்கிறார்கள்!

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு இந்தச் சமாசாரம் நன்றாகப் பொருந்தும். 1970-களில் ஓசூருக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த இளைஞர்கள் இன்று தாத்தாக்கள். ஷிப்டு முடிந்த பிறகு சீட்டாடாமல், சிகரெட் பிடிக்காமல், வெற்றிலைப் பெட்டிக்கும் சுருக்குப் பைக்கும் அடியில் கிடந்த பழங்காசுகளைத் தேடி அலைந்த சாதுக்களும் அவர்களில் உண்டு.

அந்த மண்ணும் அப்படிப்பட்ட மண்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கைப்படி 1792-ல் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் சீமை திப்பு சுல்தானின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1799-ல் திப்புவும் வீழ்ந்தார். அரசாங்கம் மாறினால் காசும் மாறும் அல்லவா? ஒரு பக்கம் மைசூர்ச் சீமை, ஒரு பக்கம் சென்னைச் சீமை. யானை பொறித்த திப்புவின் செப்புக் காசு, மைசூர் உடையார்களின் சிங்கக் காசு, கம்பெனியின் நட்சத்திர வராகன் என்று பலவிதமான நாணயங்கள் எல்லைச் சீமைகளில் கைமாறின. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது சென்னையின் பழைய கணக்கு. இன்றைக்கு ஓசூர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கிற மாதிரியே அன்றைக்குக் காசுகளும் கலந்து ஒலித்திருக்கும்!

திப்புவின் காசு தனி ரகம். நபிகள் நாயகத்தின் பிறப்பிலிருந்து எண்ணுகிற ஒரு புது வருஷக் கணக்கை அவர் கொண்டுவந்தார். அந்த வருஷத்தின் எண்களைக் காசில் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். காசுகளுக்கு நட்சத்திரங்களின் பெயரையும் சூட்டினார். பைசாவுக்கு 'ஜோரா', அதாவது சுக்கிரன் என்று பெயர். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட மனிதருக்கு ஒரு செப்புக் காசைக் கையில் எடுப்பதே அலாதி ஆனந்தந்தான்.

சரி, அம்மாள் கட்சி என்ன? அதையும் கேட்போம்.

"ஏங்க, நம்மகிட்ட இருக்கிறது இரண்டே அறை. பீரோவில் பாதி இந்த ஆல்பம்தான். என் முழங்காலுக்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். அவனுக்கு இதில் ஆசை இல்லை. பெண்ணுக்கு எது எதென்று தெரியாது. நாளைக்கு நீங்கள்..."

அந்த வாக்கியத்தை அந்த அம்மாள் முடிக்கமாட்டாள். முடிக்காத அந்த வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது.

நான் இந்த வழக்கில் பாதிக்கு மேல் அம்மாளின் கட்சி. பணத்துக்காகச் சொல்லவில்லை. நாணயம் சேர்ப்பவரின் உண்மையான சொத்து ஆல்பத்தில் இல்லை. அவருடைய தலைக்குள் இருக்கிறது. எது அபூர்வம், எது சாதாரணம், எதை எங்கே என்ன விலைக்கு வாங்கினார் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் போய்விட்டால் அந்தச் சொத்தில் பெரும்பகுதி அன்றைக்கே போய்விடும். மிச்சமிருப்பது எடை போட்டு விற்கிற உலோகந்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதாவது ஒவ்வொரு ரூபாயிலும் பத்தரைக் கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி இருக்கிறது. 1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் ரூபாய் நிக்கலாகவே ஆகிவிட்டது. ஆகவே, சாதாரணமாகக் கிடைக்கிற ஜார்ஜ் மன்னர் ரூபாயை வெள்ளி விலையை ஒட்டித்தான் மதிப்பார்கள். ஆனால் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939-ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய் இருக்கிறதே, அது மகா அபூர்வம்! 1938-க்கும் 1939-க்கும் பார்வைக்கு ஓர் எண்தான் வித்தியாசம். விவரம் தெரியாத கை இரண்டையும் ஒரே தராசில் போட்டுவிடும். 1911-ஆம் வருஷத்து ரூபாயும் அப்படித்தான். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த சின்ன யானை பன்றி போலத் தெரிகிறது என்று ஜனங்கள் முணுமுணுத்ததால் 1912-ல் படத்தைத் திருத்தினார்கள். அந்தப் 'பன்றி ரூபாய்'க்குத் தனி மதிப்பு. இதை மனைவியிடம் சொல்லி வைத்த கணவர்கள் எத்தனை பேர்?

இன்னொரு பக்கம், இல்லாத மதிப்பை இருப்பதாக நினைத்து ஏமாறுவதும் நடக்கிறது. 'வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயம் உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி' என்று கைப்பேசியில் ஒரு செய்தி வரும். அந்த நாணயம் 2012-ல் கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக அரசாங்கம் வெளியிட்டது, சாதாரணமாகப் புழங்கியது. அதற்கு லட்சம் கொடுக்க யாரும் காத்திருக்கவில்லை. "முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு மறைந்துபோகத்தான் காத்திருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடந்ததால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நாணயம் வாங்கவோ விற்கவோ தாங்கள் எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்பவரிடம் முன்பணம் கேட்கிறவன் வாங்குகிறவன் அல்ல என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பதா, வைப்பதா என்ற இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. டென்மார்க் தேசத்தில் லார்ஸ் எமில் புரூன் என்று ஒரு வெண்ணெய் வியாபாரி இருந்தார். வெண்ணெயில் சம்பாதித்ததை நாணயத்தில் போட்டார். சுமார் இருபதாயிரம் காசுகளும் பதக்கங்களும் நோட்டுகளும் சேர்ந்தன. முதல் உலக யுத்தத்தின் நாசத்தைப் பார்த்தவர் ஆகையால், தேசத்தின் நாணயச் சேகரமே ஒரு நாள் அழிந்துபோனால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. 1923-ல் காலமாவதற்கு முன் உயில் எழுதி வைத்தார். நூறு வருஷம் எதையும் விற்கக்கூடாது. தேசிய மியூசியத்துக்கு ஆபத்து வந்தால் இது அதற்குப் பதிலாக நிற்க வேண்டும். ஆபத்து வராவிட்டால், நூறு வருஷத்துக்குப் பிறகு சந்ததியார் விற்றுக்கொள்ளலாம். நூறு வருஷம் கழிந்தது. 2024 செப்டம்பரில் முதல் ஏலம் நடந்தது. அத்தனை காலமும் அந்தப் பொக்கிஷத்தைக் காப்பாற்றியது எது? என்ன இருக்கிறது, அதை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு மனிதர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்த காகிதந்தான்.

எகிப்து மன்னர் பாரூக்கின் கதை நேர் விரோதம். நாணயம் சேர்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு வெறி. 1952-ல் சிம்மாசனம் போயிற்று. 1954-ல் புதிய அரசாங்கம் எல்லாவற்றையும் கெய்ரோவில் ஏலத்தில் விட்டது. சேர்த்தவருக்கு அதில் ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

நம் வீட்டுக்கு இந்த இரண்டு கதைகளிலிருந்தும் ஒரு யோசனை கிடைக்கிறது. எல்லாவற்றையும் விற்பது, எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது என்ற இரண்டே வழி என்று எண்ணி மல்லுக்கு நிற்க வேண்டாம். காசுகளை மூன்று கும்பலாகப் பிரியுங்கள்.

முதல் கும்பல் விற்பதற்கு. ஒரே மாதிரிக் காசு நாலைந்து இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடலாம். ஒரே வியாபாரியிடம் போய், "மொத்தமாக என்ன தருவீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் அதை வாங்கி, வைத்திருந்து, இன்னொருவருக்கு விற்க வேண்டும். ஆகவே குறைத்துத்தான் கேட்பார். அதில் குற்றமில்லை. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர் இருக்கிறது. இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். நாணயக் கண்காட்சிக்கு ஒரு நடை போய் வாருங்கள். நிஜமாகவே அபூர்வமான காசென்றால் ஏலக் கம்பெனி நல்லது. கமிஷன் உண்டு, பணம் வரச் சில மாதம் ஆகும், ஆனால் போட்டி இருக்கும். பெரிய தொகை வருமானால் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கும்பல் கொடுப்பதற்கு. உள்ளூரில் கிடைத்த காசு, கிடைத்த இடத்தோடு சேர்ந்தால்தான் சரித்திரம். கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை எழும்பூர் மியூசியத்தில் நாணயத்துக்கென்றே பிரிவு இருக்கிறது. கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சங்க காலப் பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த செப்புக் காசை அடையாளம் கண்டு சொன்னவர், பத்திரிகை ஆசிரியராக இருந்துகொண்டு நாணயம் சேர்த்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பொழுதுபோக்காகச் சேர்ப்பவர்களால் சரித்திரத்துக்கு எவ்வளவு லாபம் என்பதற்கு இது ஒன்று போதும்.

மூன்றாவது கும்பல் வைத்துக்கொள்வதற்கு. அம்மாள் இதற்குச் சம்மதிக்கத்தான் வேண்டும்! முதல் சம்பளத்தில் வாங்கிய காசு, அப்பா கொடுத்த ஓட்டைக் காலணா, எம்.எஸ். சுப்புலட்சுமியின் நூற்றாண்டு நாணயம் என்று ஒரு சின்ன டப்பா நிறைய இருக்கட்டும். ஒரு மனிதருடைய நாற்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை மொத்தமாக விலை பேசுவது தர்மமல்ல.

சட்டம் இரண்டும் சொல்லிவிடுகிறேன். நூறு வயது கடந்த நாணயத்தை 1972-ஆம் வருஷத்துப் புராதனப் பொருள் சட்டப்படி தனி மனிதர்கள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆகவே, "பிள்ளை அமெரிக்காவிலிருந்து வரும்போது எடுத்துப் போகட்டும்" என்று திட்டம் போடாதீர்கள். அத்தகைய காசை வியாபாரமாக விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டும், தயங்காமல் கேளுங்கள். மண்ணைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்த காசென்றால், 1878-ஆம் வருஷத்துச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம் நம் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். விருந்தாளி வருகிறார் என்று பித்தளைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் பழங்காசையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! காசின் மேல் காலம் பூசிய நிறம் போய்விட்டால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். கொக்கி ஒட்டி மாலையில் கோத்த காசுக்கும் அதே கதிதான். மலிவான பிளாஸ்டிக் உறைகளிலும் போட வேண்டாம். பி.வி.சி. உறை நாளடைவில் அமிலம் கக்கிச் செம்பைப் பச்சையாக அரித்துவிடும். ஓசூரின் குளிர்ச்சி நமக்குச் சுகம். ஈரம் காசுக்கு ஆகாது.

விற்பதோ வைப்பதோ அடுத்த மாதத்துக் கவலையாக இருக்கட்டும். இன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். சாயங்காலம் காபிக்குப் பிறகு அவர் ஆல்பத்தைத் திறந்து ஒவ்வொரு காசாகச் சொல்லட்டும்: என்ன காசு, எந்த வருஷம், எங்கே கிடைத்தது, என்ன கொடுத்தார், எந்தக் கும்பலில் சேர்ப்பது. நீங்கள் எழுதுங்கள். அவர் எழுதினால் அது அவருடைய பாஷையில் இருக்கும். நீங்கள் எழுதினால் உங்களுக்கும் பெண்ணுக்கும் புரிகிற பாஷையில் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்துக் காசு போதும். ஐந்நூறு காசானால் ஐம்பது சாயங்காலம். அதுவரை தொலைக்காட்சித் தொடரில் அந்த மாமியார் கொஞ்சம் காத்திருக்கட்டும். அவள் எங்கேயும் போய்விடமாட்டாள்!