ஸ்பானிய மொழிக்கு ஓர் ஆசிரியர்



நம் பங்கில் நெடுநாள் வாழ்ந்து, பின்னர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குடியேறிய குடும்பம் ஒன்றிலிருந்து சென்ற மாதம் கடிதம் வந்தது. எழுதியவர் தாயார். அவருடைய மூத்த மகள் அங்கே பதினோராம் வகுப்பில் பயிலுகிறாள். நான்கு ஆண்டுகளாக ஸ்பானிய மொழி கற்று வருகிறாள். வருகிற மே மாதம் அம்மொழியில் உயர்நிலைத் தேர்வு எழுத வேண்டும். வகுப்பில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் வாய் திறந்து பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். வகுப்பில் பாதிப்பேர் வீட்டிலேயே ஸ்பானியம் பேசுகிற பிள்ளைகள். ஒருமுறை இவள் பேசியதைக் கேட்டு இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அன்று முதல் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் வயிற்றுவலி. தனியாசிரியர் ஒருவரை விசாரித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு அவர் கேட்கும் கட்டணம் தகப்பனாரைத் திடுக்கிட வைத்திருக்கிறது. "முழு மதிப்பெண்ணுக்கு நான் உறுதி" என்றும் அந்த ஆசிரியர் சொல்லியிருக்கிறார். "ஸ்பானியத்தை விட்டுத் தொலை, கணக்குக்கு ஆள் வைக்கலாம்" என்கிறார் தகப்பனார். என்ன செய்வது சுவாமி என்று தாயார் கேட்கிறார்.

அவருக்கு நான் எழுதிய பதிலைச் சற்று விரித்து, அவருடைய அனுமதியோடு இங்கே தருகிறேன். அக்கரையில் பேரப்பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் நம்மில் பல. மேலும், பிள்ளைக்குத் தனியாசிரியர் தேடும் கவலை கடல் கடந்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. தேர்வைப் பற்றிய விவரங்களில் சிலவற்றை, அந்நாட்டில் பங்குப்பணி ஆற்றும் என் குருமடத் தோழர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டேன்.

முதலில் தேர்வு எது என்று தெரிய வேண்டும். காலேஜ் போர்டு என்னும் அமைப்பு 1950-களிலிருந்து நடத்தி வரும் தேர்வு இது. அங்குள்ளோர் சுருக்கமாக ஏ.பி. என்பார்கள். உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்தில் ஒரு பாடத்தைக் கற்று, மே மாதம் தேர்வெழுதி, 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் பெறுவது. 3 பெற்றால் தகுதி உண்டு என்பது கணக்கு. எனினும், அதற்குக் கல்லூரியில் சலுகை தருவதும் தராததும் அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். சிலவற்றில் 3 போதும், சிலவற்றில் 4 அல்லது 5 வேண்டும், சிலவற்றில் எதற்கும் சலுகை இல்லை. இவ்வரிசையில் சீனம், பிரெஞ்சு, செர்மானியம், இத்தாலியம், சப்பானியம், இலத்தீன் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை.

ஸ்பானியத்தில் மட்டும் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. ஒன்று மொழியும் பண்பாடும்; மற்றொன்று இலக்கியமும் பண்பாடும். இரண்டாவது, குறித்துக் கொடுக்கப்பட்ட 38 படைப்புகளைக் கற்றுத் தேறுவது. செர்வாந்தேசின் தோன் கிகோத்தே முதல் கார்சியா மார்க்கேசு வரை அதில் வருவார்கள். 1695-இல் மெக்சிகோவில் காலமான கவிஞரும் கன்னியருமான சோர் ஹுவானாவும் வருவார். (நம் கன்னியர் மடங்களில் அந்த அம்மையாரின் பெயர் இன்னும் அதிகம் தெரிந்திருக்கலாம்.) நம் தாயாரின் மகள் எழுதப் போவது முதலாவது தேர்வு. அவர்கள் விசாரித்த ஆசிரியரோ இலக்கியப் பட்டம் பெற்றவர். இலக்கியத் தேர்வுக்கே பிள்ளைகளைத் தயாரித்துப் பழகியவர். எந்தத் தேர்வு என்று அவர் கேட்கவுமில்லை, இவர்கள் சொல்லவுமில்லை. கட்டணத்தைப் பேசுமுன் பேசியிருக்க வேண்டியது இது.

மொழித் தேர்வில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லுகிறேன். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் அதில்தான் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு மே மாதத் தேர்வின் அமைப்பு இது. இவ்வமைப்பை அவ்வப்போது மாற்றுவது உண்டாகையால், தம் பிள்ளை எழுதும் ஆண்டுக்குரிய பாடவிளக்க ஏட்டைப் பெற்றோர் காலேஜ் போர்டின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மதிப்பெண்ணில் பாதி, படித்தும் கேட்டும் விடையைத் தேர்ந்தெடுக்கும் 65 வினாக்களுக்கு. மறுபாதி நான்கு வேலைகளுக்கு. ஒரு மின்னஞ்சலுக்கு 15 நிமிடத்தில் மரியாதையான பதில் எழுத வேண்டும். ஒரு கட்டுரை, ஒரு புள்ளிவிவரப் படம் அல்லது அட்டவணை, ஓர் ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் ஆதாரமாகக் கொண்டு வாதக் கட்டுரை எழுத வேண்டும். பிறகு ஓர் உரையாடல்: பதிவுசெய்த குரல் ஒன்று பேசும், மாணவி பதில் சொல்ல வேண்டும், ஐந்து முறை, முறைக்கு 20 விநாடி. இறுதியாக, ஸ்பானியம் பேசும் ஒரு சமூகத்தையும் தன் சமூகத்தையோ வேறொன்றையோ ஒப்பிட்டு இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஆயத்தம் செய்ய நான்கு நிமிடம்.

20 விநாடி என்பது எவ்வளவு என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். தயங்கித் தொண்டையைச் செருமுவதற்குள் பாதி போய்விடும். இலக்கணப் புத்தகத்தைத் திறந்து வைத்து வினைச்சொற்களை அட்டவணையாக ஒப்பிக்கச் செய்கிற ஆசிரியரால் இந்த இடத்தில் பயனில்லை. குருமடத்தில் நாங்கள் இலத்தீன் கற்றது அப்படித்தான். வேற்றுமைகளைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவோம். இலத்தீனில் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு வேண்டியவர், வாரந்தோறும் அவளைப் பேசவைத்து, பதிவுசெய்து, திரும்பப் போட்டுக் காட்டி, மதிப்பீட்டு விதிகளின்படி இது இத்தனை பெறும், இன்ன காரணத்தால் என்று சொல்லக்கூடியவர். அவள் தடுமாறும்போது சிரிக்காதவராயும் இருக்க வேண்டும்.

ஸ்பானியத்தைத் தாய்மொழியாக உடையவரே சிறந்தவரா என்று தாயார் கேட்டிருந்தார். தமிழ் பேசுகிறவர் எல்லாரும் தமிழ்ப் பாடம் நடத்திவிட முடியுமா? காதுக்கும் நாவுக்கும் தாய்மொழியாளர் பெரும் உதவி, ஐயமில்லை. தேர்வின் நுணுக்கத்துக்கு, அப்பாடத்தை வகுப்பில் நடத்தியவரே மேல். ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிந்தபின் விடைகளைத் திருத்தப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் அழைக்கப்படுகிறார்கள். அப்படித் திருத்திய அனுபவம் உள்ளவர் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்பெயின் நாட்டு உச்சரிப்பா, மெக்சிகோ உச்சரிப்பா என்று கவலைப்பட வேண்டாம். நம்மிடையே நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் போல அங்கும் வேறுபாடு உண்டு. ஒலிப்பதிவுகளில் எல்லா நாட்டுக் குரல்களும் வரும். எதையும் கேட்டுப் பழகினால் சரி.

இங்கே ஒரு செய்தியைத் தகப்பனாருக்கென்றே எழுதினேன். தமிழ் அறிந்த பிள்ளைக்கு ஸ்பானியம் அத்தனை அந்நியமன்று. "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்கிறோம். ஸ்பானியரும் "மே குஸ்தா எல் கஃபே" என்று அதே போக்கில், எனக்கு, பிடிக்கிறது, காப்பி என்பார்கள். தலை வலித்தாலும் அப்படியே; எனக்கு வலிக்கிறது தலை என்பதே அவர்கள் வாக்கியம். ஆங்கிலத்தின் வழியாக மட்டும் கற்கிற பிள்ளை இங்கே மாதக்கணக்கில் தடுமாறும். வந்தேன், வந்தாய், வந்தான் என்று வினைமுற்றே ஆளைக் காட்டுவதால் நாம் 'நான்', 'நீ' சொல்லாமல் விடுகிறோம், அவர்களும் விடுகிறார்கள். பெரோ என்றால் 'ஆனால்'. நாவை உருட்டிப் பெறோ என்றால் 'நாய்'. ரகர றகர வேறுபாட்டை அறிந்த பாட்டி வீட்டில் இருந்தால் அதற்கென்று கட்டணம் கொடுக்க வேண்டாம். இன்னும் ஒன்று: தூ என்பது நீ, உஸ்தெத் என்பது நீங்கள். மின்னஞ்சல் பதிலில் நீங்கள் என்றே எழுத வேண்டும். நடுவில் நீ என்று நழுவினால் மதிப்பு குறையும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகையால் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். "பங்குத்தந்தையிடம் நீ என்று பேசுவாயா?" என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும்.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று அஃறிணைக்கெல்லாம் பால் வகுத்திருக்கிறார்கள். விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றைச் சொல்லும்போது வினை வேறு உருவம் எடுக்கும். இவ்விரண்டுக்கும் பொறுமையான ஆசிரியர் தேவைதான்.

ஒப்பீட்டுப் பேச்சுக்கு அவளிடம் என்ன சரக்கு இருக்கிறது என்று தாயார் வருந்தியிருந்தார். மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோர் நாளைக் கொண்டாடுகிறார்கள். செண்டுமல்லிப் பூவும் மெழுகுதிரியும் கொண்டு கல்லறைகளை அலங்கரித்து, இறந்தவருக்குப் பிடித்த உணவைப் படைத்து, குடும்பமாய் அமர்ந்திருப்பார்கள். நவம்பர் 2 மாலையில் நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் கல்லறையைச் சுத்தம் செய்து திரி ஏற்றியதை அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். இரண்டு நிமிடம் பேச அது போதாதா? அவளுடைய வீட்டைப் பற்றி ஒன்றும் விசாரிக்காமல், மனப்பாடம் செய்ய ஒரு தாளை நீட்டுகிற ஆசிரியர் நல்ல ஆசிரியர் ஆகார்.

எங்கே தேடுவது? முதலில் அவளுடைய வகுப்பாசிரியையிடம் போகச் சொன்னேன். அவள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறாள் என்பதைத் தினமும் பார்க்கிறவர் அவர்தாம். சிரிப்புச் சம்பவத்தையும் அவரிடம் சொல்ல வேண்டும். பல ஆசிரியர்கள் பள்ளி முடிந்தபின் கட்டணமின்றியே உதவுகிறார்கள். அடுத்து, ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர்கள். பிறகு அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் ஸ்பானியத் துறையில் மேற்படிப்புப் படிக்கும் மாணவர்கள். இவர்கள் கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். பேச்சுப் பழக்கத்துக்கு மட்டும் என்றால் இன்னோர் இடம் இருக்கிறது. அந்நாட்டின் பல கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறுதோறும் ஸ்பானியத் திருப்பலி நடக்கிறது. இக்குடும்பத்தின் பங்கிலும் நடக்கிறதாம். ஆங்கிலப் பூசை முடிந்து இவர்கள் வண்டியில் ஏறும் வேளையில் அவர்கள் உள்ளே வருகிறார்கள். மாதம் இரண்டு முறை அந்தப் பூசைக்குப் போய், முடிந்தபின் அங்குள்ள ஒரு பாட்டியம்மாவிடம் பேசிப் பழகட்டும் என்று எழுதினேன். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இவள் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தகப்பனாருக்கும் கணக்கு ஆசை தீரும்.

ஆளைக் கண்டுபிடித்ததும் ஒரு மணி நேரம் சோதனையாக வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் யார் அதிகம் பேசினார்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஆசிரியரே பேசித் தீர்த்தார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். முழு மதிப்பெண்ணுக்கு உறுதி சொல்லுகிறவரை நம்ப வேண்டாம். விடைத்தாளைத் திருத்துபவர் அவரல்லர். வீட்டுப்பாடக் கட்டுரையைத் தாமே எழுதிக் கொடுப்பவரை அன்றே நிறுத்திவிடுங்கள். மொத்தத் தொகையை முன்பணமாகக் கேட்டால் மாதத்துக்கு மாதம் தருவதாகச் சொல்லுங்கள். நேரில் வந்தாலும் கணினித் திரையில் வந்தாலும் கூடத்தில் நடக்கட்டும்; கதவைச் சாத்திய அறையில் வேண்டாம். இதற்கு எந்த நல்ல ஆசிரியரும் மனம் வருந்தமாட்டார்.

தனியாசிரியர் கட்டாயம் தேவையா என்றால், எல்லாருக்கும் தேவையில்லை. முந்தைய ஆண்டுகளின் எழுத்து, பேச்சு வினாக்களையும், மாணவர்கள் அளித்த மாதிரி விடைகளையும், அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பு என்னும் விளக்கத்தையும் காலேஜ் போர்டு இலவசமாகவே வெளியிடுகிறது. ஏ.பி. வகுப்பில் சேர்ந்தவர்களுக்குப் பாட வீடியோக்களும் பயிற்சி வினாக்களும் உண்டு. கைபேசியில் 20 விநாடி வைத்துத் தானே பதிவுசெய்து கேட்கலாம். இவற்றை ஒரு மாதம் செய்தபின்னும் தொண்டை திறக்கவில்லை என்றால், வாரம் ஒரு மணி நேரம் ஆள் வைப்பது வீண்செலவு அன்று. இலக்கணத்துக்கு என்று இரண்டு மணி நேரம் வைப்பது வீண்.

வகுப்பில் சிரித்தவர்களைப் பற்றி அவளுக்கு நேரே சில வரி எழுதினேன். இத்தேர்வின் முடிவுகளை வெளியிடும்போது, வீட்டில் அம்மொழி பேசுகிறவர்களையும் அம்மொழி வழங்கும் நாட்டில் ஒரு மாதமாவது வாழ்ந்தவர்களையும் நீக்கிவிட்டு, மற்றவர்களின் முடிவுகளைத் தனியாகவும் காட்டுகிறார்கள். இருவகைப் பிள்ளைகளும் ஒரே இடத்திலிருந்து புறப்படவில்லை என்பது தேர்வு நடத்துவோருக்கே தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

ஸ்பானியத்தை விட்டுவிடலாமா என்னும் கேள்விக்கு, அதை மகளிடம் கேளுங்கள் என்பதே என் பதில். விட விரும்பினால் விடட்டும். சிரிப்புக்குப் பயந்து விட வேண்டாம். தேர்வுக்குப் பெயர் பதிவு செய்வது ஆசிரியரின் வேலையன்று. பள்ளியில் அதற்கென ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். வழக்கமான கெடு நவம்பர் நடுவில் வருகிறது. ஆசிரியரைத் தேடும் அலைச்சலில் அந்தத் தேதியைத் தவறவிட வேண்டாம் என்று கடிதத்தின் கீழே சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.