மேப்பில் தேதி போடுவது யார் வேலை?

ஒரு மேப்பைக் கையில் எடுத்தால் எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் ஊர் எங்கே என்பதைத்தான். மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் தேதியையும் பதிப்பு எண்ணையும் யாரும் சீண்டுவதில்லை. ஆனால் அந்த மேப்பை எதுவரை நம்பலாம் என்று சொல்வது அந்த ஒற்றை வரிதான். அதைக் கையால் டைப் செய்யக் கூடாது, ஸ்கிரிப்ட்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. எந்தத் தேதியை எழுதுவது என்பதை மட்டும் மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதும் என் கட்சி.

முதலில் கையால் எழுதுவதில் என்ன தப்பு என்று பார்ப்போம். புது மேப்பை யாரும் வெற்றுத் தாளிலிருந்து ஆரம்பிப்பதில்லை. பழைய லேஅவுட்டை காப்பி எடுத்து, லேயரை மாற்றி, தலைப்பைத் திருத்தி, அனுப்பிவிடுவோம். மூலையில் பழைய தேதி அப்படியே உட்கார்ந்திருக்கும். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். வார்டுக்கு ஒரு கோப்பு என்று வைத்தால், தேதி ஒன்று, எண் ஒன்று, மொத்தம் 400 திருத்தங்கள். நாலு விட்டுப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். விட்டுப்போனது எந்த நாலு என்பது அச்சான பிறகுதான் தெரியும்.

ஸ்கிரிப்டுக்கு இது பெரிய வேலையே இல்லை. 2010-ல் வந்த ஆர்க்ஜிஐஎஸ் 10-லிருந்தே பைத்தானில் லேஅவுட் எழுத்துக்களை மாற்ற முடிகிறது. இப்போது ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவிலும் முடியும், இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ்ஸிலும் முடியும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: லேஅவுட்டில் உள்ள எழுத்துப் பெட்டிக்கு ஒரு பெயர் வையுங்கள். பதிப்பு எண்ணையும் தேதியையும் தனியாக ஒரே ஒரு சின்ன அட்டவணையில் எழுதுங்கள். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு லேஅவுட்டாகத் திறந்து, அந்தப் பெயருள்ள பெட்டியைத் தேடி, அட்டவணையில் இருப்பதை அதில் எழுதி, அதே எண்ணைக் கோப்பின் பெயரிலும் சேர்த்து பிடிஎஃப் ஆக்கிவிடும். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதுதான்" என்ற வம்ச வரலாறும் அதோடு முடிந்தது.

இனிமேல்தான் சிக்கல். மென்பொருள்களே "இன்றைய தேதி", "கோப்பைச் சேமித்த தேதி" என்று தயாராகக் கொடுக்கின்றன. ஒரு சொடுக்கு போதும். பலரும் ஆட்டோமேஷன் என்று நினைப்பது இதைத்தான். எனக்குத் தெரிந்து மேப்பில் போடக்கூடிய தேதிகளிலேயே மோசமானது இன்றைய தேதிதான். 2012-ல் எடுத்த தகவலை இன்று பிரிண்ட் எடுத்தால் மேப் இன்று பிறந்ததாகிவிடுகிறது. சேமித்த தேதியும் அப்படியே. ஏரியின் நீலத்தைக் கொஞ்சம் அழுத்தமாக்கிச் சேமித்தாலும் மாறிவிடும். ஏரி அங்கே இன்னும் இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்!

தேதியில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 1999 மே 7 இரவு, பெல்கிரேடில் இருந்த சீனத் தூதரகத்தின் மீது நேட்டோ தாக்குதலில் குண்டுகள் விழுந்தன. மூன்று சீனர்கள் இறந்தார்கள். நாங்கள் குறி வைத்தது யுகோஸ்லாவியாவின் ஆயுதக் கொள்முதல் அமைப்பின் கட்டடத்தை என்றது அமெரிக்கா. சீனா அதை ஏற்கவில்லை. அந்த ஜூலையில் சிஐஏ இயக்குநர் ஜார்ஜ் டெனெட் நாடாளுமன்றக் குழுவிடம் கொடுத்த விளக்கத்தின்படி, பயன்படுத்தியவை 1989, 1996, 1997 ஆண்டுகளின் மூன்று மேப்புகள். தூதரகம் புது இடத்துக்கு மாறியது 1996-ல். 1997 மேப்பிலும் அது புது இடத்தில் இல்லை. குறியின் இடத்தைக் கணக்கிட்ட முறையே தப்பு என்பதுதான் முதல் காரணம் என்று அவரே சொன்னார். ஆனாலும் பாருங்கள், 1997 என்ற எண் பொய்யில்லை. மேப் 1997-ல் தயாரானதுதான். உள்ளே இருந்த தகவல்தான் பழையது. அந்த வித்தியாசத்தை ஒற்றைத் தேதியால் சொல்ல முடியாது.

பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. இந்திய சர்வே துறையின் தாள்களில் நிலத்தை அளந்த ஆண்டு ஓரத்தில் தனியாக இருக்கும். பிரிட்டிஷ் அட்மிரால்டியின் காகிதக் கடல் வரைபடங்களில், வாராவாரம் வரும் அறிவிப்பைப் பார்த்துத் திருத்திய பிறகு, அறிவிப்பின் ஆண்டையும் எண்ணையும் கீழே இடது மூலையில் கையால் எழுதுவார்கள். எதுவரை திருத்தப்பட்டது என்று கேப்டன் ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 2009 முதல் கணினியில் மொத்தமாகத் தயாரிக்கும் தாள்களிலும் சாலை, நீர்நிலை, உயரக்கோடு, வான்படம் என்று ஒவ்வொன்றுக்கும் மூலமும் ஆண்டும் ஓரத்தில் தனித்தனியாக இருக்கின்றன. இயந்திரமும் ஒழுங்காகத் தேதி போடும், நாம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால்.

அதனால் என் யோசனை: குறைந்தது இரண்டு தேதிகள். "தகவல்: இந்த மாதம் வரை", "அச்சு: இந்த நாள்". இரண்டாவதை ஸ்கிரிப்ட் தானாகவே போடட்டும். முதலாவதை அட்டவணையிலிருந்து எடுக்கட்டும், அட்டவணையில் அதை எழுதுவது தகவலைச் சரிபார்த்த மனிதராக இருக்கட்டும். லேயரில் கடைசியாகத் திருத்திய தேதியை ஸ்கிரிப்டே எடுத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். எடுக்கும். ஆனால் ஒரே ஒரு தெருவைத் திருத்தினாலும் ஊர் முழுக்கப் புதுசு என்று சொல்லிவிடும். பதிப்பு எண்ணும் இப்படித்தான். ஒவ்வொரு பிடிஎஃப்புக்கும் எண் கூடினால் ஒரே மேப்புக்கு ஐம்பது பதிப்பு வரும். உள்ளடக்கம் மாறினால் மட்டும், ஒருவர் தீர்மானித்து எண்ணை ஏற்ற வேண்டும்.

"ஒரு மேப்புக்கு இவ்வளவு எதற்கு, ரெண்டு நிமிஷத்தில் டைப் பண்ணிடலாமே" என்பார்கள். ஒரே தாள், ஒரே முறை என்றால் நானும் டைப் செய்யத்தான் சொல்வேன். ஸ்கிரிப்டிலும் தப்பு வரும், வந்தால் 200 தாளிலும் வரும் என்பதும் உண்மை. ஆனால் 200 தாளிலும் இருக்கும் தப்பு சட்டென்று கண்ணில் படும், அட்டவணையில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். கையால் செய்த தப்பு ஏதோ ஒரு தாளில் ஒளிந்துகொண்டிருக்கும், அந்தத் தாளை நம்பி யாராவது பள்ளம் தோண்டும் வரைக்கும்.

எழுதுவது இயந்திரத்தின் வேலை, பொறுப்பேற்பது நம் வேலை. அடுத்த தடவை மேப் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் மூலையைப் பாருங்கள். அது எந்தத் தேதி என்று தயாரித்தவரைக் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால், அந்த மேப்பைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.